பட்டறை வாசலில் தொடங்கிய ஆராய்ச்சி

தமிழகத்துத் தொழில்முனைவோரைப் பற்றிய முறையான ஆராய்ச்சிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அமெரிக்கரான ஜேம்ஸ் பெர்னா, சென்னையிலும் கோவையிலும் இயங்கிய 52 இலகுரகப் பொறியியல் நிறுவனங்களை ஆராய்ந்து எழுதிய நூல் 1960இல் வந்தது. குறிப்பிட்ட சாதியில் பிறந்தவர்களுக்கே தொழில் வரும் என்ற நம்பிக்கை வலுவாக இருந்த காலம் அது. பெர்னா கண்ட முதலாளிகளோ பலதரப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். பிறப்பைவிட, கையில் முதல் கிடைத்ததா, தொழில் தெரிந்ததா என்பதே கணக்கில் வந்தது. உரிமையாளரிடமே போய்க் கேட்பது என்ற வழக்கத்தை நமக்கு விட்டுச் சென்றவர் அவர்.

அடுத்து வந்தது மனத்தை ஆராயும் போக்கு. உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் 1964இல் காக்கிநாடா வணிகர்களை ஹைதராபாத்துக்கு அழைத்து, சாதிக்கும் வேட்கையைத் தூண்டும் பயிற்சி கொடுத்தார். பயிற்சி பெறாத ராஜமுந்திரி வணிகர்களோடு பின்னர் ஒப்பிட்டும் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். ஆனால் வேட்கை மட்டும் மெஷின் வாங்கித் தராது.

மெஷின் எங்கிருந்து வந்தது என்று துருவியவர்கள் திருப்பூருக்கு வந்தார்கள். இந்தத் துறையின் ஆழமான ஆய்வுகளில் பல அங்கே விளைந்தவை. ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட நூல், விவசாயப் பின்னணியிலிருந்து பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த கவுண்டர்கள் எப்படி முதலாளிகள் ஆனார்கள் என்பதைச் சொல்கிறது. உழைப்பால் உயர்ந்தோம் என்று அவர்கள் சொன்னதை அவர் அப்படியே ஏற்கவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. வயல்வேலையின் ஒழுங்கும் உறவுக்காரர் கூட்டும் ஷெட்டுக்குள் எப்படி நுழைந்தன என்று காட்டினார். அதே ஆண்டில் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் எண்களோடு வந்தார்கள். சொந்தச் சமூகத்திடமிருந்து எளிதாக முதல் பெற்ற உள்ளூர்க்காரர்கள் கூடுதல் முதலோடு தொழில் நடத்தினார்கள். வெளியூர்க்காரர்களோ குறைந்த முதலில் தொடங்கியும் ஏற்றுமதியில் வேகமாக வளர்ந்து முந்தினார்கள். பணம் திறமையைத் தேடிப் போவதில்லை, தெரிந்தவரைத் தேடிப் போகிறது என்பதை இதைவிடத் தெளிவாக நிறுவிய ஆய்வை நான் படித்ததில்லை. உறவின் வலிமையை ஒருவர் காட்ட, அதற்கான விலையை மற்றவர்கள் காட்டினார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

விநியோகச் சங்கிலி ஆய்வும் திருப்பூரில்தான் உயிர் பெறுகிறது. நிட்டிங்கில் இறங்கிய துணி, சலானில் எடை எழுதப்பட்டுச் சாயப்பட்டறைக்குப் போகிறது. திரும்பி வரும்போது எடை குறைந்திருக்கும். அதில் இயல்பான சேதாரம் எவ்வளவு, பட்டறைக்காரர் பொறுப்பு எவ்வளவு என்பது பேச்சில் தீரும்; தீராவிட்டால் அடுத்த பில்லில் பிடித்தம். கட்டிங், ஓவர்லாக், செக்கிங் என்று ஒவ்வொரு கைமாறலிலும் இப்படி ஒரு பேரம் உண்டு. பாடப்புத்தகத்தின் அம்புக்குறிப் படத்தில் இது எதுவும் வராது. கியர்ட் டி நெவே தன் ஆய்வில் லேபர் கான்ட்ராக்டரைப் பின்தொடர்ந்தார்: மேலே ஷிப்மென்ட் தேதி, கீழே அட்வான்ஸ் வாங்கிய தொழிலாளர், நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, ஒரு கண்ணி நின்றால் ஊரே தடுமாறும் என்பதைத் திருப்பூர் நேரில் கண்டது.

டிஜிட்டல் மாற்றம் பற்றிய ஆய்வுகளில் இன்றும் முன்னால் நிற்பது கேரள மத்தி மீன் ஆய்வு. 1997 முதல் 2001 வரை வடகேரளக் கடற்கரையில் செல்போன் பரவியபோது, ராபர்ட் ஜென்சன் வாராவாரம் விலை சேகரித்தார். விற்காமல் வீணான மீன் ஏறத்தாழ இல்லாமல் போனது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது. வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. 2007இல் வந்த இந்த முடிவுகளை உலகமே மேற்கோள் காட்டியது. பின்னர் ஜானகி சீனிவாசனும் ஜென்னா பரலும் கேரளக் கடற்கரைக்குப் போய், கடன் கொடுத்த கமிஷன்காரரை விட்டு வேறு கரையில் மீனை இறக்க எல்லோராலும் முடியாது என்று எடுத்துக்காட்டினார்கள். போன் கையில் இருப்பது வேறு, விற்கும் சுதந்திரம் வேறு. ஒரு புகழ்பெற்ற முடிவை இப்படிக் களத்துக்கே திரும்பிப் போய்ச் சோதிப்பதுதான் இந்த மரபின் உயர்ந்த தரம்.

அந்தத் தரத்தோடு பார்க்கும்போது, இன்று குவியும் டிஜிட்டல் ஆய்வேடுகள் பல எனக்கு வருத்தமே தருகின்றன. ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டங்கள், கூகுள் படிவம், வாட்ஸ்அப்பில் பகிர்ந்து வாங்கிய பதில்கள். டிக் அடித்தவர் உரிமையாளரா, கணக்குப் பிள்ளையா என்றுகூடத் தெரியாது. புள்ளியியல் சுத்தமாக இருக்கும், கடைசிவரை ஒரு பட்டறையும் கண்ணில் படாது.

கேட்க வேண்டிய கேள்விகளுக்கோ பஞ்சமில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, மறு ஆண்டு இ-வே பில் வந்தது. ஜாப் ஒர்க்குக்குப் போன துணி ஓராண்டுக்குள் திரும்பியதற்குக் கணக்கு இருக்க வேண்டும். கையெழுத்துச் சலானில் இருந்த எடை இப்போது கம்ப்யூட்டரில் ஏறுகிறது. அதனால் பட்டறைக்காரருக்கு விழும் பிடித்தம் குறைந்ததா? சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பில் ஆன்லைனுக்கு வந்தபின் பணம் அந்தக் கெடுவுக்குள் வருகிறதா? பத்துப் பட்டறைகளின் பழைய சலான் கட்டையும் புதிய கணக்கையும் பக்கத்தில் வைத்து ஒரு வருடம் உட்கார ஒரு மாணவர் முன்வந்தால், இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்.