மரத்துக்கு ஒரே ஒரு எண் போதுமா?

ஒரு மரத்தின் உயரத்தைக் கேட்டால் மீட்டரில் சொல்லிவிடலாம். அது எவ்வளவு சிக்கலாகக் கிளைத்திருக்கிறது என்று கேட்டால்? ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொமினிக் சைடல் 2018-ல் இதற்கு ஒரு வழி சொன்னார்: பெட்டிப் பரிமாணம். கொஞ்ச நாளாக இது சம்பந்தமாகத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஐடியா ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சில விஷயங்கள் உறுத்துது.

முறை எளிமையானது. மரத்தைச் சுற்றிச் சில இடங்களில் லேசர் ஸ்கேனரை நிறுத்தி, மரத்தை லட்சக்கணக்கான புள்ளிகளாகப் பதிவு செய்கிறார்கள். முழு மரமும் அடங்கும் ஒரு பெட்டியில் தொடங்கி, பெட்டியின் அளவைப் பாதி பாதியாகக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் புள்ளி விழுந்த பெட்டிகள் எத்தனை என்று எண்ணணும். பெட்டி சிறுக்கச் சிறுக்க எண்ணிக்கை எவ்வளவு வேகமாக ஏறுது என்பதை மடக்கை வரைபடத்தில் போட்டால், கோட்டின் சாய்வுதான் விடை. கம்பத்துக்கு 1, கெட்டியான கனசதுரத்துக்கு 3. மரங்கள் நடுவில் எங்கேயோ.

இதில் பெரிய சௌகரியம் ஒன்று உண்டு. புள்ளிகளை உருளை உருளையாகப் பொருத்திக் கிளைகளைக் கட்டும் முறைகளில், எது தண்டு எது கிளை என்று முதலில் முடிவு பண்ணணும். ஆலமரத்தைக் கொடுத்தால் விழுதை என்ன செய்வது? பெட்டிக்கு அந்தக் கவலையே இல்லை.

சரி, இனி கணக்குக்கு வருவோம். 20 மீட்டர் உயரம், 8 மீட்டர் அகலக் கிளைப்பரப்பு உள்ள மரம். முதல் பெட்டி 20 மீட்டர். அடுத்தது 10 மீட்டர்: மரம் கட்டங்களின் நட்டநடுவில் நின்றால் எட்டுப் பெட்டியிலும் புள்ளி விழும், ஓரமாகத் தள்ளி வைத்தால் இரண்டே பெட்டி. முதல் படியின் சாய்வு ஒன்றில் 3, மற்றதில் 1! மரம் அதே மரம்தான். கட்டத்தை நகர்த்தி நகர்த்தி எண்ணி, குறைந்த எண்ணிக்கையை எடுப்பது இதற்குத் தெரிந்த வைத்தியம். அதைச் செய்தார்களா இல்லையா என்று கட்டுரைகள் தெளிவாகச் சொல்லணும்.

இப்படிப் பாதியாக்கிக்கொண்டே 16 சென்டிமீட்டர் வரை போனால் மொத்தம் எட்டுப் புள்ளிகள். ஏறிக்கொண்டே போகும் எட்டுப் புள்ளிகளை மடக்கையில் போட்டால் எதுவும் கோடு மாதிரிதான் தெரியும். பொருத்தம் 0.99 என்பதைப் பார்த்து நான் மயங்க மாட்டேன். ஆனால் ஒன்று சொல்லணும். இயற்கையில் பின்னம் கண்டோம் என்ற அறிவிப்புகள் பெரும்பாலும் இருபது மடங்கு அளவு வித்தியாசத்துக்குள்ளேயே நிற்கின்றன என்று அவ்னிர் குழு 1998-ல் 'சயின்ஸ்' இதழில் கேள்வி எழுப்பியது. இங்கே 128 மடங்கு. பரவாயில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. லேசருக்கு மேற்பரப்பு மட்டும்தான் தெரியும். அந்தக் கெட்டிக் கனசதுரத்தையே ஸ்கேன் பண்ணினால் 3 வராது, 2 தான் வரும். அடர்ந்த மரமும் அப்படித்தான்: முன்னால் இருக்கும் இலை பின்னால் இருக்கும் கிளையை மறைக்கும், தரையிலிருந்து உச்சி சரியாகத் தெரியாது. அதாவது எந்த மரம் அதிகச் சிக்கலோ, அதில்தான் அளவு குறைத்துக் காட்ட வாய்ப்பு அதிகம். தற்செயல் பிழை என்றால் நூறு மரம் அளந்து சராசரி எடுக்கலாம். இது ஒரே பக்கம் சாயும் பிழை; ஆயிரம் மரம் அளந்தாலும் போகாது. இலையுதிர்ந்த பிறகு பீச் மரங்களை ஸ்கேன் செய்தால் ஓரளவு தப்பிக்கலாம், பசுமைமாறாக் காட்டில் என்ன செய்வது? வெட்டாமல் விட்ட காட்டையும் மரம் எடுக்கும் காட்டையும் இந்த எண்ணை வைத்து ஒப்பிட்டால், வித்தியாசம் காட்டுடையதா ஸ்கேனருடையதா?

இன்னொரு குழப்பம், நாசா விண்வெளி நிலையத்தில் பொருத்திய ஜெடி லேசர் தரும் எண்ணையும் 'கட்டமைப்புச் சிக்கல்' என்றே அழைப்பது. அது 25 மீட்டர் வட்டத்துக்குள் இலைகள் உயரவாரியாக எப்படிப் பரவியிருக்கின்றன என்ற கணக்கு. 1961-ல் பறவைகளுக்காக மெக்கார்தர் சகோதரர்கள் யோசித்தது. கிளையின் வடிவம் அதில் இல்லவே இல்லை.

சாய்வோடு சேர்த்து அந்த எட்டு எண்ணிக்கையையும் அட்டவணையாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்? எந்த அளவில் கோடு வளைகிறது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். மரத்துக்கு 32 பைட், அவ்வளவுதாங்க.