பச்சை வயலில் பஞ்சம்: வங்க நாவலும் திரையும்

வறட்சியால் வந்ததல்ல 1943இன் வங்கப் பஞ்சம். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. எதிரியின் கைக்குப் போய்விடும் என்று கரையோர மாவட்டங்களில் படகுகளையும் நெல்லையும் ஆங்கில அரசே அப்புறப்படுத்தியது. மேதினிப்பூரைப் புயல் சூறையாடியது. ராணுவக் கொள்முதலும் பதுக்கலும் விலையை எட்டாத உயரத்துக்கு ஏற்றின. ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டார்கள்; முதலில் விழுந்தவர்கள் கூலிகளும் மீனவர்களும். இப்படி மனிதர் உண்டாக்கிய பசியை எந்த அழகோடு சொல்வது என்ற கேள்வி, அதன்பின் வங்கக் கலையை விட்டு அகலவே இல்லை. அதன் அரசியலும் அழகியலும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கொண்டது இங்கேதான்.

முதல் பதில் மேடையிலிருந்து வந்தது. பிஜன் பட்டாச்சாரியா எழுதி, இந்திய மக்கள் நாடக மன்றம் 1944இல் நடத்திய ‘நபான்ன’, பிச்சையெடுக்கக் கல்கத்தாவுக்கு வந்த விவசாயியை நகரத்தாரின் கண்முன் நிறுத்தியது. அதே ஆண்டு கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்த மாணிக் பந்தோபாத்யாய் இன்னும் கூர்மையாகக் கேட்டார்: நகரத்துக் கடைகளில் பண்டம் குவிந்திருக்க, சாகிறவர்கள் ஏன் பறித்துத் தின்னவில்லை? தொடர்ந்த பட்டினி உடம்போடு சேர்த்து எதிர்க்கும் மனத்தையும் தின்றுவிடுகிறது என்பது அவருடைய சிறுகதை தரும் விடை. கோஷமே இல்லாத அந்தக் கதைக்கு இணையான அரசியல் எழுத்து அந்தக் காலத்தில் குறைவு.

பிபூதிபூஷண் பந்தோபாத்யாய் போன வழி வேறு. ‘பதேர் பாஞ்சாலி’யின் கிராமத்தை ஆர். சண்முகசுந்தரத்தின் தமிழில் கண்டவர்களுக்கு அவருடைய நிதானம் தெரிந்திருக்கும். பஞ்சத்தின் சூடு ஆறுமுன்பே தொடராக எழுதிய ‘அஷானி சங்கேத்’ நாவலிலும் அதே நிதானம்தான். வேதமும் வைத்தியமும் அரைகுறையாகத் தெரிந்த பிராமணன் கங்காசரண்தான் அதன் நாயகன். போர் எங்கே நடக்கிறது, சிங்கப்பூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அரிசி விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. பெரும் அரசியலை அறியாத மனிதர்கள்மேல் அது எப்படி இறங்குகிறது என்று காட்ட இந்த அறியாமையே போதுமாக இருந்தது.

1973இல் சத்யஜித் ராய் இந்த நாவலை வண்ணப் படமாக எடுத்தார். பட்டினியை இத்தனை அழகாகக் காட்டலாமா என்று அன்றே கண்டித்தார்கள். எனக்கோ வயல்களின் அந்தப் பச்சைதான் படத்தின் வாதமாகத் தெரிகிறது. மண் வஞ்சிக்கவில்லை, சோறு இருந்தும் கைக்கு வரவில்லை என்பதைக் கறுப்பு வெள்ளை இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது. சந்தையில் உணவு இருந்தும் அதைப் பெறும் உரிமை இழந்தவர்களே பஞ்சத்தில் சாகிறார்கள் என்று பொருளியலாளர் அமர்த்திய சென் நூலாக எழுதியது அதற்குப் பிறகு, 1981இல்தான். ஆனால் ராயின் கண் கங்காசரணின் திண்ணையைவிட்டு அதிகம் நகரவில்லை. தீண்டத்தகாதவளான மோத்தி செத்த பிறகுதான் அவன் அவள் கையைத் தொட்டு நாடி பார்க்கிறான். அவனுடைய சாதி அங்கே உடைகிறது, மனம் அசைகிறது. அவள் வாழ்ந்த வாழ்க்கையை மட்டும் நாம் பார்ப்பதே இல்லை.

இந்தக் குறையைக் கலைஞன்மீதே திருப்பியவர் மிருணாள் சென். ‘அகாலேர் சந்தானே’வில் (1980) ஒரு படக்குழு 1943ஐப் படமாக்க ஒரு கிராமத்துக்கு வருகிறது. குழுவினர் காய்கறியையும் மீனையும் வாங்கிக் குவிக்க, ஊரில் விலை ஏறுகிறது. குழுவின் நடிகையாக வரும் ஸ்மிதா பாட்டீல் பட்டினிப் புகைப்படங்களைக் காட்டி, எந்த ஆண்டுப் பஞ்சம் என்று சக கலைஞர்களைக் கேட்கிறார். அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அரிசிக்காக உடலை விற்றவளாக நடிக்க உள்ளூர்ப் பெண்ணைத் தேடும்போது பழைய காயம் திறந்து, ஊரே எதிராகிறது. குழு மூட்டை கட்டுகிறது. பஞ்சத்தைப் பற்றிய படங்களில் இதையே நான் முதலில் வைப்பேன். இரக்கப்படும் கலைக்கும் ஒரு விலை உண்டு, அதை ஏழைகள்தான் கொடுக்கிறார்கள் என்று இத்தனை நேர்மையாக ஒப்புக்கொண்ட படம் அரிது.

பசித்தவர்களுக்கு உள்ளிருந்தே பேசிய குரலும் ஒன்று உண்டு. மாலோ மீனவ சாதியில் பிறந்த அத்வைத மல்லபர்மன் 1951இல் இறந்தார்; அவருடைய ‘திதாஷ் ஏக்தி நதிர் நாம்’ 1956இல் நூலானது. 1943 அதன் பொருள் அல்ல, ஆனால் பசி அதே பசி. ஆறு தூர்ந்து மணல் மேடாகிறது, மேடு வயலாகிறது, மீனவர்கள் அழிகிறார்கள். ரித்விக் கட்டக் வங்கதேசத்தில் இதைப் படமாக்கிய ஆண்டும் 1973தான். ராயிடம் பச்சை வயல் என்பது கைக்கெட்டாத சோறு. கட்டக்கிடம் அது ஒரு சாதியின் பிழைப்புக்குமேல் வேறொருவர் போட்ட விளைச்சல்.