வெக்கை, அசுரன்: பையன் எங்கே போனான்?

நாவல் படமானாலே "கதையை மாத்திட்டாங்களா?" என்ற கேள்வி வந்துவிடும். என்னைக் கேட்டா, யாருடைய கதை யாருடையதாக மாறியது என்றுதான் பார்க்கணும்.

பூமணியின் 'வெக்கை' (1982) சிறுவன் சிதம்பரத்தின் கதை. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுகிறான். கொலை தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் அப்பாவோடு காட்டில் ஒளிவது, கிடைத்ததைப் பொங்கித் தின்பது, பேசுவது, அவ்ளோதான். பழைய பகைகூட பேச்சிலும் நினைவிலும்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது.

வெற்றிமாறனின் 'அசுரன்' (2019) இதை அப்பாவின் கதையாக்கியது. தனுஷின் சிவசாமிக்கு நீண்ட ஃபிளாஷ்பேக். அதில் பஞ்சமி நிலம், செருப்பு, எரியும் குடிசைகள். நாவல் அடங்கிய குரலில் சொன்ன சாதியைப் படம் உரக்கச் சொல்கிறது. 1968 கீழவெண்மணியை நினைக்காமல் அந்தத் தீயைப் பார்க்க முடியாது. இது லாபம்தான், மறுக்கல.

ஆனா ஒரு நஷ்டமும் இருக்கு. நாவலின் அப்பா மகனைக் கிட்டத்தட்ட சரிக்குச் சமமாக நடத்துகிறார். கடைசியில் இருவருமாகச் சரணடையக் கிளம்புகிறார்கள். படத்தில் அப்பா கோழை இல்லை என்று மகன் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது; பழியை அப்பா ஏற்கிறார், படிக்கச் சொல்கிறார். சொல்வது சரியான அறிவுரைதான். ஆனால் நாவலில் தான் செய்ததைத் தானே சுமந்த பையன், படத்தில் காப்பாற்றப்பட வேண்டிய பிள்ளையாகிவிடுகிறான்.

ஒரு நட்சத்திரம் நடிக்கும்போது கதையின் எடை அவர் பக்கம் சாய்வது புதுசில்லை. 'அசுரன்' பிடித்தவர்கள் சிதம்பரத்துக்காகவாவது 'வெக்கை'யைப் படிக்கணும்.