மாதக் கணக்கில் சேராத வாசிப்பு

மாதம் முடிந்ததும் படித்த புத்தகங்களை வரிசையாக எழுதி, அடுத்த மாதத்துக்கும் ஒரு பட்டியல் போட்டுவைக்கும் வழக்கம் நம் வாசகர்களிடம் நன்றாகவே வேர்விட்டிருக்கிறது. குட்ரீட்ஸ் போன்ற செயலிகள் வருஷப் பிறப்பன்றே "எத்தனை புத்தகம்?" என்று கேட்டு இலக்கு வாங்கிக்கொள்கின்றன. எனக்கும் ஒரு நோட்டு உண்டு. ஐப்பசி மழைக்கு நாஞ்சில் நாட்டையும் அதன் அக்கம்பக்கத்தையும் எழுதியவர்களை மட்டும் படிப்பது என்று வைத்துக்கொண்டேன். கவிமணியின் 'மருமக்கள் வழி மான்மியம்', ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்', தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' ஆகியவை முடிந்தன. பொன்னீலனின் 'புதிய தரிசனங்கள்' பாதியில் நிற்கிறது.

பட்டியலால் ஒரு லாபம் உண்டு. தனித்தனியாகப் படித்தால் வட்டார இலக்கியம் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று இன்னொன்றைப் பேசவைக்கிறது. மான்மியத்தில் புலம்புகிறவள் ஒரு வேளாளக் காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின், ஐந்தாம் மனைவி. 1964இல் வந்த 'புத்தம் வீடு' நாவலில் வயதுக்கு வந்த லிஸி பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டுக்குள் அடைபடுகிறாள். அவள் வீட்டாரோ பனைவிளைக் கிறிஸ்தவர்கள். 1968இல் வந்த 'தலைமுறைகள்' இரணியல் செட்டியார் குடும்பத்தின் கதை. அதில் நாகம்மையைப் பெண்ணே இல்லை என்று சொல்லிப் புருஷன் ஒதுக்கிவைக்கிறான். சாதியும் மதமும் வேறு, காலமும் வேறு. பெண்ணின் வாழ்க்கையை வீட்டு ஆண்கள் கூடித் தீர்மானிப்பது மட்டும் மாறவில்லை. மூன்றும் ஒரே மாதத்தில் கையில் இருந்ததால்தான் இது கண்ணில் பட்டது.

விட்டுப்போனதையும் பட்டியல் சொல்கிறது. எழுதியவர்களில் பெண் ஒருத்திதான். கடற்புறத்து முக்குவர் வீடும் மலைக் காணிக்காரர் குடியும் என் மாதத்துக்குள் வரவே இல்லை. நோட்டு இல்லையென்றால் இதை நான் கவனித்திருக்க மாட்டேன்.

வில்லங்கம் எண்ணிக்கையில் இருக்கிறது. மான்மியத்தை ஒரு சாயங்காலத்தில் வாசித்து முடித்து ஒன்று என்று குறித்துவிடலாம். ஆனால் சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்கு, அதாவது சகோதரி மகனுக்குப் போகும் முறை தெரியாதவருக்கு அதிலுள்ள நையாண்டி பாதிதான் எட்டும். பெண்டாட்டி பிள்ளைகளுக்கென்று கிடைத்த பங்கு உகந்துடைமை. அது என்ன, யார் கொடுப்பது, எப்போது மறுப்பார்கள் என்று தெரிந்தபிறகு அந்த மனைவியின் புலம்பலைத் திரும்ப வாசித்தேன். முதல் தடவை சிரித்த இடங்களில் சிரிப்பு வரவில்லை. வரவேற்பும் வசவும் எல்லாம் பங்குக்கணக்காகவே தெரிந்தன. 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளருக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்ததற்கு முன்னால், 'தமிழன்' பத்திரிகையில் தொடராக வந்த நூல் இது. இந்தப் பின்னணியைத் தேடிப் படித்ததுதான் அந்த மாதத்தின் உருப்படியான வாசிப்பு. நோட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

மறுவாசிப்புக்கும் அங்கே இடமில்லை. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யை எத்தனாவது தடவை எடுத்தாலும் கணக்கு ஏறாது என்றால், மெலிந்த புத்தகமாகப் பார்த்துக் கை போகத்தானே செய்யும்? பார்வதிபுரத்திலிருந்து ஜெயமோகன் 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை நாளுக்கு ஓர் அத்தியாயமாக எழுதிய 'வெண்முரசு' 26 நாவல்கள். அதை விடாமல் கூடவே வாசித்து வந்தவரின் மாதக் குறிப்பில் பல மாதங்கள் சைபர்தான் விழுந்திருக்கும். அவர் படிக்காதவரா?

ஆகவே படித்ததை எழுதிவைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வரப்போவதை மாதவாரியாகத் திட்டமிடுவதைத்தான் கைவிட வேண்டும் என்று படுகிறது. மாதம் என்பது சம்பளத்துக்கும் வாடகைக்கும் சரி. நாஞ்சில் நாட்டு வயலுக்கு வருஷத்தில் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம்: கன்னிப்பூ, கும்பப்பூ. வாசிப்புக்கும் அந்த அளவுதான் தோதாக இருக்கும். ஒரு பூவுக்கு ஒரு பெரிய புத்தகம், ஊடுபயிராகச் சின்னதாக ஒன்றிரண்டு. இதிலும் ஓட்டை இருக்கிறது. கெடு தள்ளிப்போனால் சோம்பேறித்தனத்துக்கு வசதி; என்னைப் போன்றவர்கள் நாலு மாதமும் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்துவிடலாம். அதற்காக எண்ணிக்கைக்குப் பதில், நின்ற இடத்தையும் நின்ற காரணத்தையும் எழுதுவதாக இருக்கிறேன்.

இந்தக் கும்பப்பூவுக்குப் 'புதிய தரிசனங்கள்'. மூன்று பாகம், எமர்ஜென்சி காலத்துக் கதை, 1994இல் சாகித்திய அகாதமி விருது வாங்கியது. பெயர் தெரிந்த அளவுக்கு ஆட்கள் படித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே, கனம் அப்படி. ஊடுபயிராக ஹெப்சிபாவின் 'டாக்டர் செல்லப்பா'. மாசி அறுவடை வரை வேறு எதையும் ஏற்றுவதாக இல்லை. நடுவில் யாராவது மாதக் கணக்கு கேட்டால், எமர்ஜென்சி இன்னும் முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.