மார்கழியில் சிலந்திக் குஞ்சு

மார்கழி விடியலில் கும்மிடிப்பூண்டியில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். நமக்குப் போர்வை தேடும் குளிர். டப்பாவில் வளர்க்கும் டரான்டுலா சிலந்தியின் குஞ்சுக்கு அது நிதானம்: இரை எடுப்பது குறையும், தோலுரிப்பு தள்ளிப்போகும், அவ்வளவுதான். பதறிப்போய் டப்பாவின் மேல் குண்டு பல்பைத் தொங்கவிடுவதுதான் ஆபத்து. பயறளவு உடம்பு ஈரத்தைப் பிடித்துவைக்க இன்னும் பழகவில்லை. சூடான வறண்ட காற்றில் வதங்கிவிடும்.

அந்தச் சின்ன டப்பாதான் எனக்கு அழகு. ஊசியால் குத்திய காற்றுத்துளைகள், பாதிவரை அழுத்திய தேங்காய் நார்க்கழிவு, ஒரு ஓரத்தில் மட்டும் ஈரம். எந்த ஓரம் வேண்டும் என்பதைக் குஞ்சே முடிவுசெய்யும். குளிர் கூடினால் டப்பாவைத் தரையிலிருந்து எடுத்து, உள்ளறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தால் போதும். வளையின் வாயை அது நூலால் அடைத்துக்கொண்டால் தோலுரிக்கப்போகிறது என்று பொருள். தின்னாத பூச்சியை அன்றே எடுத்துவிட வேண்டும். புதுத்தோல் இறுகும்வரை அந்தப் பூச்சியே குஞ்சைக் கடித்துக் குதறலாம்.

நம் மண்ணிலேயே இவற்றின் உறவுகள் உண்டு. இராமேசுவரத்தில் அனுமவிலாசம் கோயிலை ஒட்டிய தோப்பில் கிடைத்த மரச்சிலந்திக்கு அந்தக் கோயிலின் பெயரையே 2004இல் சூட்டினார்கள். புளியமரப் பொந்துதான் அதன் வீடு, பல்பும் வேண்டாம் டப்பாவும் வேண்டாம். மரங்கள் குறையக் குறைய அதுவும் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. 2019இல் அதன் பேரினம் முழுவதும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது.