விரல் நுனியில் ஒரு 'டொக்'

முன்பக்கம் சத்தம் என்றால் எங்கள் தெரு மெக்கானிக் உடனே ஸ்பானரை எடுப்பதில்லை. முன்பிரேக்கை ஒரு கையால் இறுக்கி, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுவார். மறுகை விரல்கள் ஹேண்டில்பாருக்குக் கீழே, ஹேண்டில் திரும்ப உதவும் குண்டுகள் அடங்கிய கோன் செட் இருக்கும் இடுக்கில், நாடி பார்ப்பதுபோல் படிந்திருக்கும். காதுக்கு எட்டாத 'டொக்' விரலுக்கு எட்டிவிடும்.

பிறகு சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்சீட்டில் ஒரு பையனை உட்காரவைத்து, அந்தரத்தில் நிற்கும் முன்சக்கரத்தைச் சுற்றிவிடுவார். கடை ரேடியோ அணையும். எனக்குப் பிடித்த கட்டம் அதுதான். டிஸ்க்கில் பேட் உரசும் 'ஷ்ஷ்' ஒரே சீராக வந்தால் கவலையில்லை; சுற்றுக்கு ஒருமுறை அழுந்தி வந்தால் டிஸ்க் கோணியிருக்கிறது. ஹேண்டிலை ஒற்றை விரலால் திருப்புவார். நேர் நிலையில் பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால், உள்ளே குண்டுகள் தடம் பதித்துவிட்டன. ஒருநாள் என் விரலையும் பிடித்து அந்த இடுக்கில் வைத்தார். எனக்குக் கிரீஸ்தான் ஒட்டியது.