தீப்பெட்டியைத் திறப்பது எப்படி?

புது செல்போன் பெட்டியைத் திறப்பதைப் படம்பிடித்துப் போட, அதை லட்சக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பார்க்கிற காலம் இது. மேல்மூடியைப் பிடித்துத் தூக்கினால் அடிப்பெட்டி சட்டென்று கழன்று விழாது. இடுக்கு வழியே காற்று புகப் புக மெல்ல இறங்கும். அந்தத் தாமதம் தற்செயல் அல்ல. ஆப்பிள் நிறுவனத்தில் பெட்டிகளைத் திறந்து திறந்து பார்ப்பதற்கென்றே ஓர் அறை இருந்ததை ஆடம் லஷின்ஸ்கி 2012இல் வெளியான 'இன்சைட் ஆப்பிள்' நூலில் எழுதியிருக்கிறார். நேர்த்தியான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுகம் ஒரே ஒரு தடவை. மறுநாள் பெட்டி பரணுக்குப் போய்விடும்.

திறக்கிற சுகத்தை நிதானமாகப் பழக விரும்புகிறவருக்கு நான் சிபாரிசு செய்வது இரண்டு ரூபாய்ச் சரக்கு. 2007 முதல் ஒரு ரூபாயாகவே இருந்து, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயான தீப்பெட்டி.

வாங்கியதும் திறந்துவிடாதீர்கள். முதலில் காதருகே வைத்துக் குலுக்குங்கள். புதுப் பெட்டி கனமாக, அடைத்த குரலில் பேசும். குச்சி குறையக் குறைய அந்தச் சத்தம் கலகலப்பாகும். இருட்டில் மின்சாரம் போனபோது எத்தனை குச்சி மிச்சம் என்று குலுக்கியே சொல்லிவிடுகிற அம்மாக்கள் உண்டு.

அடுத்தது படம். உள்ளங்கையில் பாதிகூட வராத இடம். அதற்குள் ஒரு கப்பல், ஒரு மயில், சிறுத்தையோடு மல்லுக்கு நிற்கும் ஓர் ஆள், ஒரு சாவி, ஒரு ரோஜா. எழுதப் படிக்கத் தெரியாதவரும் 'கப்பல் குடுங்க' என்று கேட்டு வாங்குவதற்கான ஏற்பாடு அது. அதனால்தான் நல்ல தீப்பெட்டிப் படத்தில் ஒரே ஒரு பொருள் இருக்கும். பின்னணி அடர்த்தியான ஒற்றை நிறமாக இருக்கும். கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பாருங்கள். சிவப்பு கொஞ்சம் விலகி, மயிலின் கொண்டைக்கு வெளியே வழிந்திருக்கும். அச்சில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராததால் வரும் பிசகு. எனக்கு அந்தப் பிசகுதான் பிடிக்கும்.

இந்தப் படங்களுக்குப் பின்னால் ஓர் ஊரின் கதையே இருக்கிறது. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி வந்தது, அதற்குப் படம் ஒட்ட வேண்டியிருந்ததால் அச்சகம் வந்தது. பிறகு அந்த அச்சகங்களே நாடு முழுவதற்கும் காலண்டர் அடித்தன. நம் வீட்டுச் சுவரில் தொங்கிய முருகனும் லட்சுமியும் தீப்பெட்டிக்குக் கடன்பட்டவர்கள்.

இப்போது திறக்கலாம். பெட்டியைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து, ஆள்காட்டி விரலால் தள்ளுங்கள். மேல்பெட்டிக்குள் அடிப்பெட்டி உரசிக்கொண்டு நகரும் அந்த 'சர்ர்' சத்தத்தைக் கவனியுங்கள். ரொம்ப இறுக்கமாக இருந்தால் அடிப்பெட்டியின் முனை நசுங்கும்; தளர்வாக இருந்தால் சட்டைப்பையில் குச்சி கொட்டும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி ஒரு தாளின் கனம்தான் இருக்கும். பாதியில் நிறுத்துங்கள். மருந்துத் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் அடுக்கியிருந்தால் அதிர்ஷ்டம். மறுமுனையைத் திறந்து வெறும் மரக்குச்சிகளைப் பார்க்க நேர்ந்தால், மூடிவிட்டு மறுபக்கம் தள்ள வேண்டும். தலைகீழாகத் திறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இங்கேதான் தீப்பெட்டி மற்ற எல்லாப் பெட்டிகளிடமிருந்தும் விலகி நிற்கிறது. மற்றவை பொருளைப் பொதிந்து வைக்கும் உறை. இதுவோ பொருளில் பாதி. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட். பெட்டியின் பக்கவாட்டில் பூசிய பழுப்புப் பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உரசினால்தான் நெருப்பு. பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சக் குச்சியைச் சுவரில் எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. இப்படிப் பிரித்து வைக்கும் யோசனைக்கு 1844இல் ஸ்வீடனில் குஸ்தாஃப் எரிக் பாஷ் காப்புரிமை பெற்றார். ஆபத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை உறையிலேயே பூசிவிட்ட அந்த மூளையை நினைத்துக்கொண்டு ஒரு குச்சியைக் கிழித்துப் பாருங்கள். கடைசிக் குச்சி வரை, ஒவ்வொரு தடவையும் திறக்கலாம், மூடலாம்.

பழைய பெட்டி எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். மெல்லிய மரச்சீவலை மடித்து, நீலத்தாள் சுற்றி, மேலே படத்தை ஒட்டியிருப்பார்கள். அட்டைப்பெட்டிக்கு இல்லாத ஒரு மொறுமொறுப்பு அதற்கு உண்டு. படம் கோணலாக இருக்கும்; கையால் ஒட்டியது. அந்தக் கோணலை ரசிக்கும்போது ஒட்டிய கை எது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தீப்பெட்டி ஆபீஸ்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் பெண்களோடு எத்தனையோ பிள்ளைகள் உட்கார்ந்து ஒட்டினார்கள். சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல்தான்.

சேர்க்க ஆசை வந்துவிட்டால் ஒரு குறிப்பு. மரப்பெட்டியாக இருந்தால் தண்ணீரில் ஊறவிட்டுப் படத்தை மெதுவாக உரித்தெடுக்கலாம். இன்றைய அட்டைப்பெட்டியில் படம் அட்டையிலேயே அச்சாகிறது, ஊறப்போட்டால் கூழாகிவிடும். ஒட்டிய விளிம்பைப் பிரித்து, தட்டையாக்கி, ஒரு கனமான புத்தகத்துக்குள் வையுங்கள். குச்சிகளை அதோடு சேர்த்து வைக்காதீர்கள். ஊருக்கு ஊர் படம் மாறும். சாத்தூர், கோவில்பட்டி, குடியாத்தம் பக்கம் போகும்போது பெட்டிக்கடையில் நின்று, 'அண்ணாச்சி, வேற படம் இருக்கா?' என்று கேளுங்கள். ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஆனாலும் அடுக்கைக் கலைத்துத் தேடிக் கொடுப்பார்.